அம்ப்ளிஃபயருக்கும் வீட்டு ஒலிப்பதிவுக்கும் கிட்டார் ப்ரொசெசர் தேர்ந்தெடுப்பது எப்படி: மலையகத்துக்கான முழுமையான வழிகாட்டி

கிட்டார் சத்தத்தை மாற்றி, எதிரொலி போன்ற எஃபெக்ட்டுகளைச் சேர்க்கும் கருவிதான் ப்ரொசெசர். ஒன்றைக் கையில் எடுத்ததும் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். 200 எஃபெக்ட், 60 அம்ப்ளிஃபயர் மாடல் (வெவ்வேறு அம்ப்ளிஃபயர்களின் சத்தத்தைப் போலச் செய்பவை) என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இன்றைக்கு மலிவான கருவியில்கூட ஒருவர் வாழ்நாளில் தொடப்போவதைவிட அதிகமான எஃபெக்ட் இருக்கிறது. பின்பக்கத்தில் எத்தனை ஜக் இருக்கிறது, அவற்றில் எது சத்தத்தை உள்ளே வாங்குகிறது, எது வெளியே அனுப்புகிறது, கருவி என்ன மின்சாரம் கேட்கிறது என்பவைதான் அது உங்கள் அம்ப்ளிஃபயரோடும் உங்கள் அறையோடும் ஒத்துப்போகுமா என்று சொல்லும்.

மலையகத்தில் இருப்பவர்கள் இதில் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும். பிழையான கருவியை மாற்றிக்கொண்டுவரப் பதுளையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ கொழும்புக்குப் போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். லயத்தில் பக்கத்துக் காம்பராவோடு சுவர் பொதுவானது. அம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பழக முடியாது. தகரக் கூரையில் மழை இறங்கினால் மைக் வைத்துப் பதிவதை மறந்துவிட வேண்டியதுதான். மழையோடு கரண்டும் போகும். இவை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் கருவியைத் தேட வேண்டும்.

சத்தம் எங்கே வெளியே வரப்போகிறது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். வழி மூன்றுதான் உண்டு.

முதலாவது, கிட்டார் அம்ப்ளிஃபயரின் முன்பக்க இன்புட். ப்ரொசெசர் அம்ப்ளிஃபயருக்கு முன்னால் நிற்கிறது. 10, 15 வாட் பயிற்சி அம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் பெரும்பாலானோருக்கு இதுதான் நிலைமை.

இரண்டாவது, அம்ப்ளிஃபயரின் பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்று இருக்கும் எஃபெக்ட் லூப். ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்குவது) போன்றவை முன்பக்கம் போகும்; டிலேயும் (எதிரொலி) ரிவெர்பும் (அறையின் முழக்கம்) லூப்புக்குள் போகும். அம்ப்ளிஃபயரின் சொந்த டிஸ்டோர்ஷனை விரும்பிப் பயன்படுத்துகிறவருக்கு இது தேவை.

மூன்றாவது, அம்ப்ளிஃபயரே இல்லாமல் ஹெட்ஃபோன், கணினி, கோவில் திருவிழா மேடையிலோ தேவாலயத்திலோ இருக்கும் மிக்ஸர். இங்கே அம்ப்ளிஃபயரின் வேலையையும் ஸ்பீக்கர் பெட்டியின் வேலையையும் ப்ரொசெசரே செய்ய வேண்டும்.

ஒருவருக்கு மூன்றும் தேவைப்படலாம். ஆனால் பத்தில் எட்டு முறை எதைச் செய்யப்போகிறீர்கள் என்று பாருங்கள். லயக் காம்பராவிலோ நகரத்து வாடகை அறையிலோ இருப்பவருக்கு மூன்றாவது வழிதான் பெரும்பாலும் விடை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல கேபினட் சிமுலேஷனும் (ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைப் போலச் செய்வது) நல்ல ஹெட்ஃபோனும் இருந்தால், மழை கொட்டும் இரவிலும் யாரையும் எழுப்பாமல் சுத்தமாகப் பதியலாம்.

பின்பக்கத்தை வாசிப்பது

கிட்டார் இன்புட்: மின் கிட்டாரின் சாதாரண பிக்கப்புக்கு எதிரே ஏறத்தாழ 1 மெகாஓம் இன்புட் தேவை. ப்ரொசெசர்களின் கிட்டார் ஜக் இதற்கென்றே அமைக்கப்பட்டது. மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10 முதல் 20 கிலோஓம்தான். கிட்டாரை அதில் நேரே குத்தினால் ட்ரெபிள் செத்துச் சத்தம் மந்தமாகிவிடும். பலர் தங்கள் கிட்டாரைக் குறை சொல்வது இந்தப் பிழையால்தான். இடையில் மிக மலிவான ப்ரொசெசர் ஒன்று இருந்தாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அவுட்புட்: எல் மற்றும் மோனோ என்று ஒன்று, ஆர் என்று ஒன்று. ஒரே அம்ப்ளிஃபயர் என்றால் எல் ஜக்கில் மட்டும் குத்துங்கள். சில சிறிய கருவிகளில் ஹெட்ஃபோனுக்கும் அவுட்புட்டுக்கும் ஒரே ஜக்தான். அதில் ஹெட்ஃபோன் போட்டிருக்கும்போது அம்ப்ளிஃபயருக்குப் போக முடியாது.

சென்ட், ரிட்டர்ன்: ப்ரொசெசரை அம்ப்ளிஃபயரின் முன்பக்கத்தோடும் லூப்போடும் ஒரே நேரத்தில் இணைக்கும் நான்கு வயர் முறைக்கு இவை கட்டாயம். உங்கள் அம்ப்ளிஃபயரில் லூப் இல்லை, அண்மையில் வேறு அம்ப்ளிஃபயர் வாங்கும் எண்ணமும் இல்லை என்றால் இதற்காகப் பணம் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

யூஎஸ்பி: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். யூஎஸ்பி துளை இருப்பதாலேயே கணினியில் பதியலாம் என்று அர்த்தமில்லை. சில கருவிகளில் அது பாட்ச் (சேமித்து வைத்த சத்த அமைப்பு) திருத்தவும் மென்பொருள் புதுப்பிக்கவும் மட்டுமே. 'யூஎஸ்பி ஓடியோ இன்டர்ஃபேஸ்', அதாவது சத்தத்தைக் கணினிக்குள் அனுப்பும் வசதி, விவரக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

எக்ஸ்பிரஷன் பெடல்: வாவா, வால்யூம் இரண்டுக்கும் தேவை. கருவியோடு சேர்ந்தே வந்தால் நல்லது; இல்லாவிட்டால் பின்னர் இணைக்கத் துளை இருக்க வேண்டும்.

ஐஆர்: ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின் குணத்தை மைக் வைத்துப் பிடித்து ஒரு சிறிய ஒலிக் கோப்பாக ஆக்கியதே ஐஆர். நீங்களே வெளியிலிருந்து ஐஆர் ஏற்ற முடியுமா என்று பாருங்கள். கணினியில் பதியப்போகிறவருக்கு, இன்னும் 50 எஃபெக்ட் கூட இருப்பதைவிட இந்த ஒரு வசதி பெரியது. கிட்டார் சத்தம் 'கொசு ரீங்காரம்' போலக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்டோர்ஷன் அல்ல, ஸ்பீக்கர் பெட்டி இல்லாததுதான். கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே சத்தத்தைச் செங்குத்தாகக் குறைத்துவிடும். அந்த வடிகட்டல் இல்லாமல் டிஸ்டோர்ஷனை நேரே மிக்ஸருக்கு அனுப்பினால் காது கூசும்.

சில கருவிகள்

ஸூம் ஜி1எக்ஸ் ஃபோர்: தொடங்குபவருக்கு ஏற்றது. ஒரே நேரத்தில் 5 எஃபெக்ட், எக்ஸ்பிரஷன் பெடல், டிரம் தாளங்கள், லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிப்பது) எல்லாம் உண்டு. 4 டபுள் ஏ பற்றரியில் ஓடும். ஆனால் இதன் யூஎஸ்பி மூலம் ஒலி பதிய முடியாது, சென்ட்–ரிட்டர்னும் கிடையாது. பயிற்சிக்கும் சிறு மேடைக்கும் போதும். பதிவுக்கு ஒரு இன்டர்ஃபேஸ் தனியே வாங்க வேண்டும்.

பாஸ் ஜிடி-1: இதுவும் 4 டபுள் ஏ பற்றரியில், அல்கலைன் போட்டால் ஏறத்தாழ 7 மணி நேரம் ஓடும். யூஎஸ்பி வழியே ஒலி பதியலாம். லூப் இல்லை, வெளி ஐஆர் ஏற்ற முடியாது. அடிக்கடி கரண்ட் போகிற தோட்டத்தில் இருந்துகொண்டு பதிவும் செய்ய நினைப்பவருக்கு இந்தச் சேர்க்கை மிகப் பொருத்தம்.

வலெட்டன் ஜிபி-100: ஐஆர் ஏற்றலாம், யூஎஸ்பியில் பதியலாம். அறைக்குள்ளேயே பதிவு செய்கிறவருக்கு, கொடுக்கிற காசுக்கு இது நல்ல தேர்வு. லூப் வேண்டுமானால் அதே நிறுவனத்தின் ஜிபி-200ஐ அல்லது நியூக்ஸ் எம்ஜி-30ஐப் பாருங்கள்.

லைன் 6 பாட் கோ, எச்எக்ஸ் ஸ்டாம்ப்: இவற்றில் லூப், ஐஆர், 48 கிலோஹேர்ட்ஸ் யூஎஸ்பி பதிவு எல்லாம் உண்டு, நான்கு வயர் முறைக்கு முழுமையாக ஏற்றவை. ஆனால் இரண்டும் 9 வோல்ட்டில் 3 அம்பியர் கேட்கும், அதாவது 27 வாட். பற்றரியிலோ சாதாரண பவர் பேங்கிலோ ஓட்ட முடியாது. இதை நினைவில் வைத்தே பணத்தைக் கட்டுங்கள்.

திரையைப் பார்த்துப் பார்த்து அமுக்கிக்கொண்டிருப்பது பிடிக்காதவர் பாஸ் எம்ஈ வரிசையைத் தேடலாம். ஒவ்வொரு எஃபெக்ட்டுக்கும் திருகும் குமிழ் மேலேயே இருக்கும். மேடையில் இருட்டில் குனிந்து கையால் திருப்பிவிடலாம்.

தேவாலயத்தில் எலக்ட்ரோ அகூஸ்டிக் கிட்டார் மட்டும் வாசிக்கிறவருக்கு இவற்றில் பாதிகூடத் தேவையில்லை. கொம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது), ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் போன்றவற்றைத் திருத்துவது), ரிவெர்ப், சிறிது கோரஸ் (பல கிட்டார் சேர்ந்து ஒலிப்பது போல் ஆக்குவது) போதும். அம்ப்ளிஃபயர் மாடலை எப்போதும் அணைத்தே வையுங்கள்.

மின்சாரம்

நமது நாட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவியின் அடாப்டரை முதலில் பாருங்கள். '100–240' என்று எழுதியிருந்தால் பிளக் மாற்றினால் போதும். '120' என்றோ '100' என்றோ மட்டும் இருந்தால் குத்தியவுடன் எரியும். அந்த அடாப்டரை ஒதுக்கிவைத்துவிட்டு இங்கே பொருத்தமான ஒன்றை வாங்குங்கள்.

அடாப்டர் மாற்றும்போது மூன்றைச் சரிபார்க்க வேண்டும். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். அம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. துருவம் ஒத்திருக்க வேண்டும்: கிட்டார் எஃபெக்ட்டுகளில் பெரும்பான்மை நடுவில் நெகட்டிவ், ரௌட்டர் போன்ற வீட்டுப் பொருட்களின் அடாப்டரில் பெரும்பாலும் நடுவில் பொசிட்டிவ். ஊசி அளவாகப் பொருந்துகிறதே என்று ரௌட்டர் அடாப்டரைக் குத்தி ஒரே நொடியில் கருவியை இழக்கிறார்கள். அடாப்டரிலும் கருவியிலும் இருக்கும் சிறு வட்டப் படத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே குத்துங்கள்.

பவர் பேங்க் பற்றி: 9 வோல்ட், 500 மில்லிஅம்பியர் கருவிக்கு 4.5 வாட் போதும். 5 வோல்ட்டை 9 வோல்ட்டாக்கும் யூஎஸ்பி வயர் ஒன்றும் 2 அம்பியர் பவர் பேங்கும் இருந்தால் ஓடும். மலிவான மாற்று வயரில் கீச்சென்ற மெல்லிய இரைச்சல் வரலாம், காரணம் அதற்குள் வேகமாகத் துடிக்கும் சுற்று. அப்படி வந்தால் டபுள் ஏ பற்றரிக்கே போய்விடுங்கள். அதைவிட அமைதியான மின்சாரம் வேறில்லை.

மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் பருவமாற்று மாதங்களில் பிற்பகல் இடி மின்னல் வழக்கம். வானம் கறுத்தவுடன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. மின்னல் ஏற்றம் சுவிட்சின் சிறு இடைவெளியைத் தாண்டும். கணினியும் ப்ரொசெசரும் யூஎஸ்பியால் இணைந்திருந்தால் ஒன்றில் நுழைந்தது மற்றதையும் எரிக்கும். அந்த வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய லயங்களிலும் பழைய வீடுகளிலும் எர்த் இல்லாத பிளக் துளைகள் இருக்கும். கிட்டார் கம்பியைத் தொடும்போதோ, வாசித்துக்கொண்டே மைக்கில் உதடு படும்போதோ சுள்ளென்று இருந்தால் வாசிப்பதை அந்த நொடியே நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஹம் சத்தத்தைப் போக்க அம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் ஊசியை ஒடிக்கச் சொல்லும் ஆலோசனையை ஒருநாளும் கேட்காதீர்கள். அந்த ஊசிதான் உங்கள் உயிருக்குக் காவல்.

பழையது வாங்கும்போது

உங்கள் சொந்தக் கிட்டாரையும் வயரையும் ஹெட்ஃபோனையும் கொண்டு போங்கள். கருவியைப் போட்டு 20 நிமிடமாவது ஓடவிடுங்கள். சூடேறிய பிறகு வெளிப்படும் கோளாறுகள் உண்டு. ஒவ்வொரு கால் சுவிட்சையும் பத்து முறை மிதியுங்கள்: ஒரு மிதிக்கு இரண்டு பாட்ச் தாவினால் சுவிட்ச் தேய்ந்துவிட்டது. எக்ஸ்பிரஷன் பெடலில் வால்யூமை வைத்து மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். கரகரவென்றால் உள்ளே பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு அல்லது தேய்மானம். அழுக்கென்றால் கொண்டாக்ட் கிளீனரால் போகும், தேய்மானமென்றால் போகாது. ஜக்கில் வயரை லேசாக ஆட்டிப் பாருங்கள். அடித்தட்டின் திருகாணிகளைப் பாருங்கள்; அவற்றில் துரு பிடித்திருந்தால் உள்ளேயும் ஈரம் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நுவரெலியா, அப்புத்தளை போன்ற பனி ஊர்களில் கட்டிலின் கீழே வருடக்கணக்கில் கிடந்த கருவிக்கு இந்தச் சோதனை மிக முக்கியம். கடைசியாக, யூஎஸ்பியில் ஒரு லப்டொப்போடு இணைத்து அது கருவியை அடையாளம் காண்கிறதா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

அம்ப்ளிஃபயரோடு பொருத்துதல்

முன்பக்க இன்புட்டில் குத்துகிறீர்கள் என்றால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

1. ப்ரொசெசர் இல்லாமல் கிட்டாரை நேரே அம்ப்ளிஃபயரில் குத்துங்கள். கெயினைக் குறைத்து, பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்து, சுத்தமான நல்ல சத்தம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். இதுதான் அடித்தளம். இது சரியில்லாமல் மேலே எதைக் கட்டினாலும் நிற்காது.

2. எல்லாவற்றையும் அணைத்து, ப்ரொசெசரை இடையில் சேருங்கள். அதில் அம்ப்ளிஃபயர் மாடல், கேபினட் சிமுலேஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். உண்மையான ஸ்பீக்கர் ஒன்று இருக்கும்போது செயற்கை ஸ்பீக்கர் ஒன்றையும் சேர்த்தால் கம்பளிக்குள் பேசுவது போல் கேட்கும். பாஸ் கருவிகளில் அவுட்புட் செலக்ட் என்ற அமைப்பு உண்டு: முன்பக்கத்துக்கு ஒன்று, ரிட்டர்ன் ஜக்குக்கு ஒன்று, லைனுக்கும் ஹெட்ஃபோனுக்கும் ஒன்று. இதை மாற்ற மறந்துவிட்டு, ஒரே பாட்ச் வீட்டில் நன்றாக, மேடையில் கேவலமாகக் கேட்கிறதே என்று வருந்துகிறவர்கள் ஏராளம்.

3. சத்தத்தை எப்போதும் அம்ப்ளிஃபயரின் வால்யூமைக் கடைசியாகத் திறந்தே ஏற்றுங்கள். அணைக்கும்போது அதை முதலில் இறக்குங்கள். ஸ்பீக்கரைத் தாக்கும் 'டப்' இதனால் தவிர்க்கப்படும்.

4. பாட்ச் போட்டும் பைபாஸ் செய்தும் (எஃபெக்ட் இல்லாமல்) மாறிமாறிக் கேளுங்கள். இரண்டும் ஒரே அளவு சத்தமாக இருக்கும்வரை பாட்ச் லெவலைத் திருத்துங்கள். பாட்ச் சத்தம் கூடியிருந்தால் அது நல்லதாகத் தோன்றும், காது ஏமாறும்.

நான்கு வயர் முறைக்குப் போகிறவர்: கிட்டாரிலிருந்து ப்ரொசெசர் இன்புட், ப்ரொசெசர் சென்டிலிருந்து அம்ப்ளிஃபயர் முன்பக்க இன்புட், அம்ப்ளிஃபயர் சென்டிலிருந்து ப்ரொசெசர் ரிட்டர்ன், ப்ரொசெசர் அவுட்புட்டிலிருந்து அம்ப்ளிஃபயர் ரிட்டர்ன். பிறகு ப்ரொசெசருக்குள் லூப் பிளொக்கை (சென்ட், ரிட்டர்னைக் குறிக்கும் கட்டம்) ஓவர்டிரைவுக்குப் பின்னாலும் டிலேக்கு முன்னாலும் வையுங்கள். அந்தப் பிளொக்கை வைக்க மறந்தால் அம்ப்ளிஃபயரின் முன்பகுதி பாதையிலேயே இருக்காது. கெயின் குமிழைத் திருப்பினாலும் எதுவும் மாறாது. லூப்புக்கு மிக்ஸ் குமிழ் இருந்தால் 100 விழுக்காட்டில் வையுங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், டிலேயின் எதிரொலிகள் டிஸ்டோர்ஷனுக்கு முன்னால் போனால் அவையும் சேர்ந்து நொறுங்கிக் கூழாகிவிடும். அம்ப்ளிஃபயரைச் சுத்தமாகவே வைத்திருப்பவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவர் முன்பக்கத்தோடு நின்றுவிடலாம்.

வயர் நீளத்தையும் கவனியுங்கள். கிட்டாருக்கும் முதல் கருவிக்கும் இடையே 5, 6 மீற்றருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வயரில் மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபரட் கொள்ளளவு உண்டு. நீளம் கூடக்கூட பிக்கப்பின் மேல்சுரக் கூர்மை மழுங்கும். ப்ரொசெசருக்குப் பிறகு வரும் வயருக்கு இந்தப் பாதிப்பு மிகக் குறைவு.

அறையில் பதிவு

ப்ரொசெசரில் யூஎஸ்பி ஓடியோ இருந்தால் தனி இன்டர்ஃபேஸ் தேவையில்லை. இல்லாவிட்டால் பெஹ்ரிங்கர் யூஎம்2 அல்லது ஃபோகஸ்ரைட் ஸ்கார்லட் ஸோலோ போன்ற ஒன்று. ப்ரொசெசரின் அவுட்புட்டிலிருந்து போகும்போது இன்டர்ஃபேஸை லைன் நிலையில் வையுங்கள், அப்படி சுவிட்ச் இல்லாவிட்டால் அதன் லைன் ஜக்கில் குத்துங்கள். கிட்டாரை நேரே குத்தும்போது மட்டும் இன்ஸ்ட்ருமென்ட் நிலை அல்லது ஜக்.

விண்டோஸ் கணினியில் நிறுவனத்தின் சொந்த ஏஸியோ டிரைவரை (சத்தத்தின் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) போடுங்கள். கருவிக்கு அப்படியொன்று இல்லாவிட்டால் ஏஸியோ4ஓல் உதவும். பதிவு மென்பொருளுக்கு ரீப்பர் நல்ல தொடக்கம். பழைய லப்டொப்பிலும் லேசாக ஓடும், 60 நாள் சோதித்துப் பார்க்கலாம்.

ப்ரொஜெக்டின் சாம்பிள் ரேட்டை (சத்தத்தை ஒரு செக்கனில் எத்தனை முறை அளக்கிறது என்பது) கருவியோடு ஒத்துவையுங்கள்: ஜிடி-1க்கு 44.1, லைன் 6 கருவிகளுக்கு 48 கிலோஹேர்ட்ஸ். ஒத்துவராவிட்டால் சுருதி மாறும், அல்லது டிக் டிக் என்று சத்தம் வரும். பஃபரை (கணினி ஒரே தடவையில் கையாளும் சத்தத் துண்டின் அளவு) 128 சாம்பிளில் தொடங்குங்கள், 44.1 கிலோஹேர்ட்ஸில் ஒரு வழிக்கு அது ஏறத்தாழ 2.9 மில்லிசெக்கன். சத்தம் வெட்டுப்பட்டால் 256க்குப் போங்கள். ப்ரொசெசருக்குள்ளிருந்தே நேரடியாகக் கேட்டுக்கொண்டு பதிந்தால் தாமதம் உங்களுக்குத் தெரியாது. அப்போது கணினியிலிருந்து திரும்பிவரும் அதே கிட்டாரை மியூட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சத்தம் இரட்டிப்பாகி, குழாய்க்குள்ளிருந்து வருவது போல் கேட்கும்.

பதியும் அளவு: உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கட்டும். சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்தாலும் மறுபடி பதியுங்கள். டிஜிட்டலில் வெட்டுப்பட்டதை ஒட்டவைக்க முடியாது.

உங்கள் கருவி அனுமதித்தால், எஃபெக்ட் சேர்ந்த சத்தத்தோடு கூடவே வெறும் கிட்டார் சத்தத்தையும் வேறொரு ட்ராக்கில் பதிந்துவிடுங்கள். வாசிப்பு அருமையாக அமைந்து பாட்ச் மட்டும் பொருந்தாமல் போனால், அந்த வெறும் ட்ராக்கைத் திரும்ப ப்ரொசெசருக்குள் அனுப்பி வேறு சத்தம் கொடுக்கலாம். கரண்ட் போவதற்குள் ஒரே முறை வாசிக்கத்தான் நேரம் கிடைத்தது என்ற நிலைமைக்கு இது பெரிய பாதுகாப்பு.

லப்டொப் சார்ஜர் குத்தியிருக்கும்போது உய்ய்ய் என்று ஒரு சத்தம் பதிவில் வருகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் பற்றரியில் பதிந்துகொள்ளுங்கள்.

ஹெட்ஃபோன் மூடிய வகை, 32 முதல் 80 ஓம் வரை போதும். பாதி முடித்ததும் அதே பதிவைத் தொலைபேசியிலும் வீட்டு ரேடியோ செட்டிலும் கேளுங்கள். ஒரே இடத்தில் கேட்டுத் தீர்மானித்த கலவை வெளியே நிற்காது.

பாட்ச் அமைத்தல்

பொதுவான ஒழுங்கு: வாவா, கொம்ப்ரெஸர், ஓவர்டிரைவ், அம்ப்ளிஃபயர் மாடல், கேபினட், ஈக்யூ, கோரஸ், டிலே, ரிவெர்ப். நொய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது) ஓவர்டிரைவுக்குப் பின்னால், டிலேக்கு முன்னால். டிலேக்குப் பின்னால் வைத்தால் எதிரொலியின் வால் பாதியில் வெட்டப்படும். கேட் அமைக்கும்போது கம்பிகளைக் கையால் மூடி, இரைச்சல் அடங்கும் புள்ளிவரை மட்டும் உயர்த்துங்கள். அதற்கு மேல் போனால் நீண்ட சுரங்கள் திடீரென்று அறுந்துபோகும்.

கடையிலிருந்து வரும் பாட்ச்சுகள் காட்சிக்காகச் செய்யப்பட்டவை. ரிவெர்பும் டிலேயும் அளவுக்கு மீறி இருக்கும். நீங்கள் நான்கைச் செய்யுங்கள், அவை போதும்.

திரைப்பாட்டுகளின் விரல் மீட்டலுக்கு: கொம்ப்ரெஸர் மென்மையாக, கோரஸ் வேகம் 1 ஹேர்ட்ஸுக்குக் கீழே, மிக்ஸ் 30 விழுக்காடு, சிறிய ரிவெர்ப். தாளக் கிட்டாருக்கு: லேசான ஓவர்டிரைவ், ரிவெர்ப் மிகக் குறைவு. லீடுக்கு: தாளக் கிட்டாரைவிட 3 அல்லது 4 டெசிபல் கூடுதல், 800 ஹேர்ட்ஸ் பக்கம் சிறு உயர்வு, ஒரு டிலே. நான்காவது, எதுவும் இல்லாத சுத்தச் சத்தம். மற்றவை குழம்பினால் தப்பித்துப் போக ஓரிடம்.

டிலே நேரம் கணக்கிட 60,000த்தைப் பாட்டின் நிமிட அடி எண்ணால் வகுங்கள். 120 என்றால் ஓரடி 500 மில்லிசெக்கன். அதன் முக்கால் 375. பைலா 6/8இல் ஓடுவது. அதன் பெரிய அடி நிமிடத்துக்கு 120 என்றால் ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும், சிறிய அடி ஒன்றுக்கு ஏறத்தாழ 167 மில்லிசெக்கன். அங்கே 375 வைத்தால் எதிரொலி தாளத்தோடு முட்டும். 333 அல்லது 500 வையுங்கள்.

ஹெட்ஃபோனில் மெல்லிய சத்தத்தில் அமைத்த பாட்ச் மேடையில் பேஸ் வீங்கி, நடுச்சுரம் காணாமல் போகும். காது மெல்லிய சத்தத்தில் பேஸையும் ட்ரெபிளையும் குறைவாகவே கேட்கிறது, அதனால் நாம் அவற்றைக் கூட்டிவிடுகிறோம். ஒவ்வொரு பாட்ச்சுக்கும் மேடைக்கென்று ஒரு பிரதி செய்யுங்கள்: 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 6 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டு, நடுச்சுரம் சிறிது கூட, ரிவெர்ப் பாதி. கல்யாண மண்டபத்துக்குச் சொந்தமாகவே எதிரொலி உண்டு.

மிக்ஸர் மேடையிலிருந்து தூரமாக இருந்தால் ஒரு டிஐ பொக்ஸ் (நீண்ட வயரில் இரைச்சல் ஏறாமல் சத்தத்தை மிக்ஸருக்கு அனுப்பும் சிறு பெட்டி) வைத்திருங்கள். 6 மீற்றருக்கு மேல் சாதாரண கிட்டார் வயரை இழுத்தால் இரைச்சல் ஏறும். ஹம் வந்தால் டிஐயின் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அமுக்குங்கள். எர்த் ஊசியைத் தொடாமல் தீர்க்கும் சரியான வழி இதுதான். வீட்டில் ஹம் வந்தால் அம்ப்ளிஃபயர், ப்ரொசெசர், லப்டொப் மூன்றையும் ஒரே மல்டிபிளக்கில் குத்திப் பாருங்கள். அதற்கும் போகாமல், கிட்டாரோடு திரும்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் அது பிக்கப் பிடிக்கும் இரைச்சல். டியூப் லைட்டையும் தொலைபேசியையும் தள்ளிவையுங்கள்.

ஈரம்

மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை, ஊவாப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை ஈரம் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். ப்ரொசெசரை ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டியில், 50 கிராம் சிலிக்கா ஜெல் பொதி இரண்டோடு வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். அடுப்படிக்குப் பக்கத்தில் கருவியை வைக்க வேண்டாம். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரத்தைவிட மோசம். பற்றரிகளை நாள்கணக்கில் உள்ளே விடாதீர்கள், கசிந்து தகடுகளைத் தின்றுவிடும்.

நுவரெலியாவிலிருந்து இரவு வேனில் கிளம்பிக் கண்டிப் பக்கம் மேடைக்கு இறங்கினால் பையைத் திறக்காமல் அரை மணி நேரமாவது விடுங்கள். குளிர்ந்த உலோகம் சூடான ஈரக் காற்றைத் தொட்டதும் உள்ளே நீர்த்துளி படியும். அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் ஷோர்ட் ஆகலாம்.

மென்பொருள் புதுப்பிப்பு

இது பாதியில் நின்றால் கருவி செயலிழந்து போகலாம். மழை நாளிலும் பிற்பகலிலும் தொடங்க வேண்டாம். லப்டொப் பற்றரி நிறைந்திருக்கட்டும். பற்றரியில் ஓடும் கருவியானால் புதுப் பற்றரி போடுங்கள், இல்லையென்றால் யூபிஎஸ்ஸில் குத்துங்கள். முதலில் எல்லாப் பாட்ச்சையும் கணினியில் சேமித்து, அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். வயரைத் தொடாமல், திரையில் முடிந்தது என்று வரும்வரை காத்திருங்கள். பிறகு அணைத்துப் போட்டு, பாட்ச்சுகளைத் திரும்ப ஏற்றி, ஒவ்வொன்றின் லெவலையும் மறுபடி கேட்டுப் பாருங்கள். சில புதுப்பிப்புகளுக்குப் பிறகு அவுட்புட் அமைப்பு தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும்.